பாட்ரிக் மக்கிலின் நாவல்களில் காதல் ஏன் கைகூடுவதே இல்லை?

கரிசல்வாசகர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஊர் ஊராக நடந்து, அணை கட்டியும் தண்டவாளம் போட்டும் உருளைக்கிழங்கு தோண்டியும் வயிறு வளர்த்த கூலிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத எண்ணியிருக்கிறேன். அதற்காக, அயர்லாந்தின் டொனிகல் பகுதியில் பிறந்த பாட்ரிக் மக்கில் 1914இல் வெளியிட்ட ‘சில்ட்ரன் ஆஃப் தி டெட் எண்ட்’ நாவலைக் குட்டன்பர்க் தளத்திலிருந்து இறக்கிப் படித்து முடித்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெர்மட் ஃபிளின் என்ற சிறுவன் குடும்பத்தின் கடனுக்காகக் கூலிச் சந்தையில் நிறுத்தப்பட்டுப் பண்ணையாளாகிறான். பிறகு கப்பலேறி ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு தோண்டப் போகிறான். அங்கே, பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரிந்த நோரா ரயன் என்ற பெண்ணும் அதே கூட்டத்தில் வேலை செய்கிறாள். இருவருக்கும் இடையே அன்பு இருக்கிறது, ஆனால் அது பேச்சாக வெளிப்படுவதே இல்லை. டெர்மட் சூதாட்டத்தில் விழுந்து நாடோடியாகி, ‘நாவி’ என்று அங்கே அழைக்கப்பட்ட மண்வேலைக் கூலிகளோடு சேர்ந்துகொள்கிறான். நோராவை ஒரு பண்ணைக்காரரின் மகன் கெடுத்துக் கைவிடுகிறான். கடைசியில் கிளாஸ்கோ நகரத்தில் அவள் சாகும் தறுவாயில்தான் டெர்மட் அவளைக் கண்டுபிடிக்கிறான்.

வேலைத்தளம், சண்டை, சாராயம், வழிநடை, மோல்ஸ்கின் ஜோ என்னும் அந்த அற்புதமான முரட்டு மனிதன் ஆகியவை எல்லாம் கண்ணெதிரே நடப்பதுபோல் இருக்கின்றன. நோரா வரும் பக்கங்களில் மட்டும் எழுத்து வெளிறிப்போகிறது. அவள் அழகாக இருக்கிறாள், கண்ணீர் விடுகிறாள், பிறகு காணாமல் போகிறாள். இது ஆசிரியருடைய கைத்திறனின் குறையா, அக்காலப் பதிப்பகங்களின் கூச்சமா, அல்லது அப்படிப்பட்ட வாழ்க்கையில் காதலுக்கு உண்மையிலேயே இடமில்லாமல் இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. இதனோடு சேர்த்து வேறு எதைப் படிக்க வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுஞ்சாலை எழுதிய மறுமொழி:

ஐயா, உங்கள் மூன்று காரணங்களில் கடைசியானதையே நான் முதன்மையாகக் கொள்வேன். அந்த நாவலில் காதலைக் கொல்வது பண்ணைக்காரர் மகன் அல்ல. அவன் வருவதற்கு முன்பே, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் அதைக் கொன்றுவிட்டது.

மக்கில் பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பன்னிரண்டாம் வயதில் ஸ்ட்ராபேன் நகரத்துக் கூலிச் சந்தைக்கு அனுப்பப்பட்டவர். அந்தச் சந்தைகளில் பண்ணைக்காரர்கள் பிள்ளைகளின் கையையும் தோளையும் பார்த்து, ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். தவணை முடிந்த பிறகே கூலி கைக்கு வரும், வந்ததும் அது வீட்டுக்குப் போய்விடும். நிலக்கிழாருக்குக் குத்தகைப் பணம், கடைக்காரருக்கு வட்டியோடு பாக்கி, கோவிலுக்கு வரி என்று அதற்கு முன்கூட்டியே செலவு குறிக்கப்பட்டிருக்கும். டெர்மட் ஓரிடத்தில், தம்பி தங்கைகளுக்குச் சம்பாதித்துப் போடுவதற்காகவே தன்னைப் பெற்றார்கள் என்று கொதிக்கிறான். கொதிப்பவன் பணம் அனுப்பாமல் இருப்பதில்லை என்பதும், அனுப்ப முடியாமல் போகும்போது அந்தக் குற்ற உணர்வே அவனை ஊருக்குத் திரும்ப விடாமல் தடுக்கிறது என்பதும்தான் கதையின் அச்சு.

கிழங்கு வயல் பகுதியை இந்தக் கண்ணோடு மறுபடியும் படித்துப் பாருங்கள். ஆண்கள் முள்கரண்டி போன்ற கவைக்கோலால் செடியைப் பெயர்த்துக்கொண்டே முன்னே செல்ல, பெண்கள் முழங்காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் சேறான சாலின் நெடுகிலும் தவழ்ந்தபடியே கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போடுகிறார்கள். நனைந்த பாவாடை காய்வதற்கு நேரமும் கிடையாது, மாற்றுத் துணியும் கிடையாது. இரவில் மாடு கட்டியிருந்த தொழுவத்தையே கழுவிவிட்டு, வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொள்கிறார்கள். கூட்டத்தைத் திரட்டிக் கூட்டி வருகிறவனும் அவர்களுடைய ஊர்க்காரனான கங்காணிதான். கோடையில் தொடங்கிக் குளிர் வரும்வரை ஒரு பண்ணை முடிந்ததும் அடுத்த பண்ணைக்கு நகர்வார்கள். இத்தனை பேர் நடுவே, அடுத்தவர் மூச்சு கேட்கும் தூரத்தில் படுத்திருக்கும் இரண்டு பேர் தங்கள் மனத்தில் இருப்பதை எங்கே நின்று சொல்லிக்கொள்வார்கள்? ஒதுங்கிப் பேச ஓர் இடம் இல்லாத வாழ்க்கையில் அவர்கள் பேசாமல் இருப்பதுதான் உண்மைக்கு நெருக்கமாக எனக்குப் படுகிறது.

அடுத்தது சூதாட்டம். டெர்மட் சீட்டில் தோற்பது ஒழுக்கக்கேட்டைக் காட்டுவதற்கான நிகழ்ச்சி அன்று. வீட்டுக்குப் போக வேண்டிய கூலியை அவன் தோற்கிறான். அதனால் பருவம் முடிந்து எல்லாரும் கப்பலேறும்போது அவனால் ஊருக்குப் போக முகமில்லை. ஊருக்குப் போகாதவன் நாடோடியாகிறான், நாடோடிக்கு முகவரி இல்லை, முகவரி இல்லாதவனுக்கு நோரா தன் துன்பத்தை எழுதித் தெரிவிக்கவும் வழியில்லை. பிற்பகுதி முழுவதும் அவளைத் தேடி அவன் அலைவதை வாசகர்கள் பலர் மிகையுணர்ச்சி என்று ஒதுக்குகிறார்கள். அந்தக் காலத்தில், ஒரே நாட்டுக்குள் உயிரோடு இருக்கும் ஒருத்தியைத் தொலைத்துவிடுவது அவ்வளவு எளிதாக இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் 1845ஆம் ஆண்டு ஏழையர் சட்டப்படி, உடல்வலுவுள்ளவருக்கு வேலை இல்லை என்பதற்காக உதவி கேட்கும் உரிமையே கிடையாது. உதவி பெறத் தகுதியுள்ளவரும் ஒரே திருச்சபை வட்டாரத்தில் தொடர்ந்து சில ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு பண்ணை மாறுகிறவளுக்கு அந்த உரிமை எப்படி வரும்? அயர்லாந்திலிருந்து வந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடவும் அதிகாரிகளுக்கு வழி இருந்தது. மணமாகாமல் கருவுற்று, சொந்த ஊரில் முகம் காட்ட அஞ்சும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் வேறு என்ன இருக்க முடியும்? நோரா கிளாஸ்கோ சந்துகளில் மறைந்துபோவதற்குப் பின்னால் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. ஆசிரியர் அதை விளக்கிச் சொல்லாததால் நமக்கு அவள் வெறும் கண்ணீராகத் தெரிகிறாள்.

தாமிரவருணி எழுதிய மறுமொழி:

நெடுஞ்சாலை அவர்கள் பொருளாதாரத்தைச் சொன்னது சரிதான். ஆனால் அதை வைத்து ஆசிரியரை முழுவதுமாக விடுவித்துவிடக் கூடாது என்று கருதுகிறேன்.

நாவலின் முன்னுரையைக் கவனியுங்கள். கதையின் பெரும்பகுதி தன் வாழ்க்கைதான் என்கிறார் மக்கில். மோல்ஸ்கின் ஜோவும் கேரட்டி டானும் உண்மை மனிதர்கள், இன்றைக்கும் ஏதாவது ஒரு வேலைத்தளத்திலோ மலிவான தங்கும் விடுதியிலோ அவர்களைச் சந்திக்கலாம் என்று உறுதி சொல்கிறார். நோராவைப் பற்றிப் பேச வரும்போது குரல் மாறிவிடுகிறது. உலகம் அறியாத ஒரு பெண்ணுக்கு என்னென்ன ஆபத்துகள் நேரும் என்பதை அவளுடைய கதை காட்டுகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார். ஜோ ஓர் ஆள், நோரா ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியரே முதல் பக்கத்தில் போட்ட இந்தப் பிரிவுதான் நீங்கள் உணர்ந்த வெளிறலுக்குக் காரணம். ஒதுங்கிப் பேச இடமில்லாததால் அவள் பேசவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் மனத்துக்குள் நினைக்கக்கூட அவளுக்கு இடம் கொடுக்கப்படவில்லையே!

அதே கிழங்குக் கூட்டத்தில் கூரக் எல்லன் என்று ஒருத்தி வருகிறாள். நடுவயது கடந்தவள், குடிப்பவள், ஊர் வாயில் கெட்ட பெயர் எடுத்தவள். அவளைத் தூய்மையானவளாகக் காட்ட வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லாததால் அவள் வாய் திறந்தாலே பக்கம் உயிர்பெற்றுவிடுகிறது. கடைசியில் நோராவுக்கு இடம் கொடுத்துத் தேற்றிக் காப்பாற்றப் பார்ப்பவளும் அவள்தான். இந்தப் புத்தகத்தில் காதல் என்று சொல்லத்தக்க செயல் ஏதாவது இருக்குமானால் அது எல்லன் செய்ததுதான் என்று நான் துணிந்து சொல்வேன். டெர்மட் செய்ததெல்லாம் ஏக்கம்.

ஐயாவுக்கு என் பரிந்துரை இதுதான்: 1915இல் வந்த ‘தி ராட் பிட்’ நாவலை உடனே படியுங்கள். அது தொடர்ச்சிக் கதை அன்று. அதே ஆண்டுகளை, அதே நிகழ்ச்சிகள் சிலவற்றை, நோராவின் பக்கத்தில் நின்று மறுபடியும் சொல்கிறது. இரண்டையும் ஒரே நாவலின் இரண்டு பாதிகளாகவே படிக்க வேண்டும். அதன் தொடக்கத்திலேயே டொனிகல் கடற்கரைப் பெண்கள், வீட்டிலிருந்து காலுறை பின்னிக் கொடுப்பதற்கான கம்பளி நூலை வியாபாரியிடம் வாங்குவதற்காக, கடல் வற்றும் நேரம் பார்த்துப் பனிக்கால நீரில் இறங்கிக் கழிமுகத்தைக் கடந்து செல்கிறார்கள். அவர்களில் நோரா என்ற சிறுமியும் ஒருத்தி. நூல் கிடைக்கும்வரை இரவெல்லாம் வெட்டவெளியில் காத்திருக்கவும் வேண்டும், இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் கூலியோ காசு கணக்குத்தான். முதல் நாவலில் நாம் பார்த்த வெளிறிய பெண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு குழந்தைப் பருவம் இருந்தது என்று தெரிந்த பிறகு, அவளுடைய அடக்கத்தின் பொருளே மாறிவிடுகிறது. வியாபாரிக்கு முன்னால் வாயைத் திறந்தால் நூல் கிடைக்காது என்று கற்றுக்கொண்ட பிள்ளை அவள்.

கிளாஸ்கோ பகுதியில், ஊரிலேயே தந்தையற்ற பிள்ளை பெற்றதற்காக ஒதுக்கிவைக்கப்பட்ட ஷீலா கேரல் என்பவளோடு சேர்ந்து நோரா சட்டை தைத்துப் பிழைக்கிறாள். ஊரில் இருந்தபோது எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பெண்ணின் அறையில்தான் நோராவுக்குப் புகலிடம் கிடைக்கிறது. நகரத்துத் தையல் கூலியைப் பற்றி நான் படித்த புனைகதைகளில் இவ்வளவு நேராகச் சொன்னது குறைவு.

அந்த நாவலும் குறையற்றது அன்று. முடிவை நெருங்க நெருங்கத் தற்செயல்கள் பெருகி, கண்ணீர் மிகுந்து, அக்கால மேடை நாடகத்தின் வாடை அடிக்கிறது. இருந்தாலும் ஒரு பெண்ணை நிழலாக எழுதிவிட்டோம் என்று உணர்ந்து, அடுத்த ஆண்டே அவளுக்குத் தனி நூல் எழுதிய ஆண் எழுத்தாளர்கள் எத்தனை பேர்?

கரிசல்வாசகர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. முன்னுரையை நான் அவசரமாகக் கடந்திருந்தேன், தாமிரவருணி அம்மையார் சொன்ன பிறகு மறுபடியும் படித்தேன், அந்த வேறுபாடு உண்மையாகவே இருக்கிறது. ‘தி ராட் பிட்’ நூலையும் இறக்கிக்கொண்டேன்.

இன்னும் ஓர் ஐயம். நாவலின் ஒரு முக்கியப் பகுதி நிகழும் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் அணை வேலைத்தளத்தில் பெண் வாசனையே இல்லை. பக்கம் பக்கமாக ஆண்களின் அடிதடி மட்டுமே. இது ஆசிரியரின் தேர்வா, இடம் அப்படித்தான் இருந்ததா? அந்தப் பகுதியை வரலாற்றுச் சான்றாக எந்த அளவுக்கு நம்பலாம்?

மேற்குமலைச்சாரல் எழுதிய மறுமொழி:

அணையைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பகுதியில் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தின் கின்லாக்லெவன் உருக்காலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக 1905 முதல் 1909 வரை கட்டப்பட்டது பிளாக்வாட்டர் அணை. நீளம் 900 மீட்டருக்கு மேல், உயரம் ஏறத்தாழ 26 மீட்டர். சுமார் 3,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். இயந்திரங்கள் பெருகிவந்த காலத்தில், பெரும்பாலும் சம்மட்டி, கடப்பாரை, மண்வெட்டி ஆகியவற்றைக் கொண்டே கட்டப்பட்ட கடைசிப் பெரிய வேலை என்று இதைக் குறிப்பிடுவது வழக்கம். ஆகவே மக்கில் எழுதியது ஒரு தொழிலின் கடைசி நாட்களை. கூலிகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு வேலை முடிந்தால் இன்னொரு வேலை இருக்கும் என்றே அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கின்லாக்லெவனுக்கு, லாக் லெவன் என்னும் கடற்கழியின் கரையோரமாக ஒழுங்கான சாலை கிடையாது. சரக்கு படகில் வந்தது. தென்கரையிலுள்ள சாலையே முதல் உலகப்போரின்போது ஜெர்மன் கைதிகளைக் கொண்டு போடப்பட்டதுதான். கூலிகள் நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து, புதருக்கடியில் படுத்தெழுந்து, பண்ணைத் தோட்டங்களில் கோழியும் கிழங்கும் திருடித் தின்று நடந்தே வந்தார்கள். டெர்மட்டும் ஜோவும் நடந்து வரும் பகுதி கற்பனையாகத் தோன்றினாலும், அன்று அங்கே போய்ச் சேருவதற்கு ஏழைக்கு வேறு வழி இல்லை.

தங்கியது பலகையும் தார்பூசிய துணியும் கொண்டு அடித்த கொட்டகைகளில். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள், ஒரே படுக்கையை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வது, நடுவே ஓர் அடுப்பு, அதில் ஆளுக்கொரு வாணலி. பாறையில் துளையிட ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க, மற்றவர்கள் சுற்றி நின்று முறைவைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். பிடித்திருப்பவனுடைய உயிர் அடிப்பவர்களின் கண் கணக்கில் இருந்தது. வெடிக்காமல் பாறைக்குள்ளேயே தங்கிவிட்ட டைனமைட் பிறகொரு நாள் கடப்பாரை பட்டு வெடிப்பது எல்லா வேலைத்தளங்களிலும் இருந்த ஆபத்து. நாவலில் சாவு விழுந்த இரவிலும் சீட்டாட்டம் நிற்பதில்லை. அதை இரக்கமின்மை என்று படிப்பவர்கள், மறுநாள் காலையில் அதே பாறைக்குத்தான் அவர்கள் திரும்ப வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அணைக்குக் கீழே அந்தக் கூலிகளின் சிறிய இடுகாடு இன்னும் இருக்கிறது. 22 கல்லறைகள். அணைக்கு வார்த்த அதே கான்கிரீட்டில் பலகைபோல் செய்து, ஈரமாக இருக்கும்போதே பெயரைக் கீறி நட்டிருக்கிறார்கள். ஒரு கல்லில் ‘யாரென்று தெரியவில்லை’ என்ற பொருளில் இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கின்றன. இன்னொன்று ஒரு பெண்ணுடையது. திருமதி என்ற அடைமொழியும் குடும்பப் பெயரும் இருக்கின்றன, அவளுக்கென்று இருந்த பெயர் இல்லை. ஆகவே பெண்கள் அறவே இல்லாத இடம் என்று சொல்ல முடியாது. மிகச் சிலராக இருந்தார்கள், மக்கிலின் கண்ணில் அவர்கள் படவில்லை, அல்லது நோராவை நினைத்துக்கொண்டிருக்கும் டெர்மட்டின் கதையில் அவர்களுக்கு இடம் இல்லை. இதை ஆசிரியரின் தேர்வு என்றே நான் கொள்கிறேன். சாராயத்துக்காகப் பனிமூடிய மேட்டுநிலத்தைக் கடந்து கிங்ஸ்ஹவுஸ் விடுதிக்குப் போய், திரும்பும் வழியில் விறைத்துச் செத்தவர்களைப் பற்றி அந்த வட்டாரத்தில் பல கதைகள் வழங்குகின்றன. பனி உருகிய பிறகுதான் உடல் கிடைக்கும் என்பார்கள்.

சான்றாக நம்பலாமா என்றால், வேலை செய்யும் முறை, உணவு, உறக்கம், பேச்சு ஆகியவற்றுக்கு நம்பலாம் என்பேன். தொழிலாளி தானே எழுதியவை அத்தனை குறைவு. ஒப்பந்தக்காரரின் கணக்கேடும் நாவிகளைத் திருத்துவதற்காக 1877இல் தொடங்கிய கிறித்தவ ஊழியச் சங்கத்தின் மடல்களும் வெளியே நின்று பார்த்தவர்கள் எழுதியவை. தேதி, ஆள் எண்ணிக்கை, நிகழ்ச்சிகளின் வரிசை ஆகியவற்றுக்கு நாவலை மேற்கோள் காட்டாதீர்கள். நாவலாசிரியனின் பேனாவுக்குக் கொஞ்சம் சலுகை வேண்டும் என்று அவரே முன்னுரையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கிழங்குக் கூட்டங்களின் நிலைமை இந்த நாவல் வந்த பிறகு மாறிவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். 1937 செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிர்க்கின்டிலாக் ஊரில், கிழங்கு தோண்ட வந்து கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த, அயர்லாந்தின் அச்சில் தீவைச் சேர்ந்த 10 இளைஞர்கள் தீயில் மாண்டார்கள். அவர்களில் சிலர் சிறுவர்கள்.

நெடுஞ்சாலை எழுதிய மறுமொழி:

தாமிரவருணி அம்மையாரின் கூற்றில் ஒரு பாதியை ஏற்கிறேன், கூரக் எல்லனைப் பற்றிச் சொன்னதை முழுவதுமாகவே ஏற்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நூலைச் சொன்னால் என் வாதம் இன்னும் தெளிவாகும்.

அதே 1914இல் ராபர்ட் டிரெஸ்ஸல் எழுதிய ‘தி ராகட் டிரவுசர்ட் ஃபிலாந்த்ரபிஸ்ட்ஸ்’ வெளிவந்தது. ஆசிரியர் 1911இலேயே இறந்துவிட்டார், மகள் கையெழுத்துப் பிரதியைக் காப்பாற்றி வைத்திருந்தார். முதலில் வெட்டிச் சுருக்கியே அச்சிட்டார்கள், முழு வடிவம் 1955இல்தான் வந்தது. தெற்கு இங்கிலாந்தின் ஒரு கடற்கரை நகரத்தில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர்களின் கதை அது. அவர்கள் நாடோடிகள் அல்லர். வேலை நிலையற்றது என்றாலும் வாடகைக்கு ஒரு வீடு, மனைவி, பிள்ளை, அண்டை அயல் உண்டு. அதிலும் நோராவுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஈஸ்டன் என்ற தொழிலாளி வீட்டு வாடகைக் கட்ட முடியாமல், உடன் வேலை செய்யும் ஒருவனைக் குடித்தனக்காரனாக வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறான். கடவுள் பக்தன்போல் நடிக்கும் அந்த ஆள் ஈஸ்டனின் மனைவி ரூத்தைக் கெடுத்துவிட்டு நழுவிவிடுகிறான்.

இரண்டு கதைகளும் பிரிகிற இடம் இதற்குப் பிறகுதான். ரூத் தற்கொலைவரை போகிறாள். ஆனால் அவள் போய்ச் சேர ஒரு வீடு இருக்கிறது. ஈஸ்டனோடு வேலை செய்பவனும் நாவலின் நாயகனுமான ஓவனும் அவன் மனைவியும் அவளை ஏற்றுக்கொள்கிறார்கள், பிறந்த குழந்தையை வளர்க்கவும் முன்வருகிறார்கள், ஈஸ்டனும் தன் குடியும் அலட்சியமும் இதில் எவ்வளவு பங்கு என்று கேட்டு அறிந்து அவளோடு சேர்ந்து வாழத் திரும்புகிறான். ஈஸ்டன் டெர்மட்டைவிட நல்லவன் இல்லை, பல இடங்களில் அவனைவிடச் சிறியவன். மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் தேவையான காலமும் கதவும் அவனுக்கு இருந்தன. மக்கிலின் ஆட்களுக்கு அவை இல்லை. அம்மையார் டெர்மட்டின் ஏக்கத்தைக் குறைத்துப் பேசியது எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் பட்டது. முகவரி தெரிந்த பிறகும் போகாமல் இருந்திருந்தால் அப்படிச் சொல்லலாம்.

தாமிரவருணி எழுதிய மறுமொழி:

டிரெஸ்ஸல் ஒப்பீடு நன்று, அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூரக் எல்லனுக்கும் வீடு இல்லை, ஷீலா கேரலுக்கும் நிலையான வீடு இல்லை. வாடகை அறையின் ஒரு மூலைதான் அவர்களிடம் இருந்தது, அதைத்தான் நோராவுக்குக் கொடுத்தார்கள். ஆகவே வீடில்லாத வாழ்க்கையிலும் கதவு திறக்க முடிந்தது, திறந்தவர்கள் பெண்கள். மக்கில் இதை எழுதிக் காட்டியும், தன் கதாநாயகனுக்கு அதிலிருந்து எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் குறை.

ஐயா கட்டுரைக்காகக் கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். மக்கில் 1923இல் மோல்ஸ்கின் ஜோவின் பெயரையே தலைப்பாக வைத்து இன்னொரு நாவல் எழுதினார். அதில் ஜோவுக்கே ஒரு காதல் வருகிறது. முதல் உலகப்போருக்குப் போய், பிரான்சில் நடந்த லூஸ் சண்டையில் காயம்பட்டு, மணம் புரிந்து, பெயரெடுத்த எழுத்தாளராகிவிட்ட பிறகு எழுதியது அது. படிக்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பழைய இரண்டு நூல்களின் பக்கத்தில் வைத்தால் எடை போதவில்லை. கட்டுரையில் இடம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு, ‘தி ராட் பிட்’ நாவலில் சட்டை தைக்கும் இயல்களுக்குக் கூடுதலாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பொத்தான் துளைக்கு எவ்வளவு கூலி, நூலும் விளக்குக்கான எண்ணெயும் யார் செலவு என்பதை எல்லாம் அங்கே கவனித்துப் படித்தால், நெடுஞ்சாலை அவர்கள் முதல் மறுமொழியில் சொன்ன பணக்கணக்கும் நான் சொன்ன பெண்ணின் கதையும் ஒரே இடத்தில் சேருவதைக் காண்பீர்கள்.